பின்வாங்கும் பனியாறுகளைத் தேடி: இரயிலிலும், கால்நடையாயும், படகிலும்



அடர்ந்த காட்டின் நடுவே ஒரு சாலை செல்கிறது. இருபுறமும் மரங்கள் ஓங்கி நிற்கின்றன. சாலையோரத்தில் ஒரு சிறிய பலகை நாட்டப்பட்டிருக்கிறது. அதில் ஊரின் பெயர் இல்லை, தூரமும் இல்லை. ‘1917’ என்னும் எண் மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. வண்டியை விட்டிறங்கி நடைபாதையில் கால் வைத்துச் சற்றுத் தூரம் சென்றால், ‘1951’ என்று மற்றொரு பலகை. இன்னும் நடந்தால் ‘2010’. அங்கே நின்று நிமிர்ந்து பார்த்தால்தான், நீங்கள் தேடிவந்தது தொலைவில், மலையிடுக்கில், நீலநிறமாய்த் தெரிகிறது.

அவை மைல்கற்கள் அல்ல. ஆண்டுக்கற்கள் என்றே சொல்லவேண்டும். அந்தந்த ஆண்டில் பனியாற்றின் முகம் அந்த இடம்வரை வந்து நின்றது என்பதற்கு அவை சாட்சி. நீங்கள் நிழலுக்காக ஒதுங்கி நிற்கும் அந்த மரத்தடி, உங்கள் பாட்டனாரின் காலத்தில் பல அடி உயரமான பனிக்கட்டியின் கீழ் புதைந்திருந்தது!

இந்தப் பாதை இருப்பது அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில், சீவர்டு என்னும் துறைமுக ஊருக்கு அருகில். அந்தப் பனியாற்றின் பெயர் எக்ஸிட் கிளேசியர். நம்மில் பலருடைய பிள்ளைகள் இன்று அமெரிக்காவில் பணிபுரிகிறார்கள். கோடை விடுமுறையில் பெற்றோரை அழைத்து நயாகராவையும் நியூயார்க்கையும் காட்டியவர்கள், அடுத்த முறை எங்கே அழைத்துச் செல்லலாம் என்று யோசிப்பதுண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு இக்கட்டுரை வழிகாட்டியாக இருக்கலாம். செல்ல வாய்ப்பில்லாதவர்களும் இதை வாசிக்க வேண்டும் என்பதே நமது விருப்பம். ஏனெனில், அந்தப் பலகைகள் சொல்லும் செய்தி அலாஸ்காவுக்கு மட்டும் உரியதல்ல.

பனியாறு என்பது யாது?

நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் உறையும் பனிக்கட்டி வேறு, பனியாறு வேறு. உயர்ந்த மலைகளில் கோடையில் உருகுவதைவிட அதிகமான பனி குளிர்காலத்தில் பொழிந்துகொண்டே இருந்தால், அது ஆண்டுக்காண்டு அடுக்கடுக்காய்ச் சேருகிறது. மேலடுக்கின் பாரத்தால் கீழடுக்கு நசுங்கி, காற்று வெளியேறி, கல்போல் இறுகிய பனிக்கட்டியாகிறது. அதன் கனம் மிகுந்துவிடும்போது, அது தன் சொந்தப் பாரத்தினாலேயே மலைச்சரிவில் மெல்ல மெல்லக் கீழ்நோக்கி நகருகிறது. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஓடும் ஆறு அது. ஆகையால்தான் தமிழில் அதற்குப் பனியாறு என்று பொருத்தமாகப் பெயரிட்டார்கள்.

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். எப்போதும் முன்னோக்கி ஓடும் ஆறு எப்படிப் பின்வாங்கும்? பனி முன்னோக்கித்தான் ஓடுகிறது. ஒரு நாளும் அது மலையேறித் திரும்புவதில்லை. ஆனால் மேலிருந்து வந்து சேரும் பனியைவிடக் கீழ்முனையில் உருகிப்போவது அதிகமாகும்போது, முனை இருந்த இடம் வெறுமையாகிவிடுகிறது. வருமானத்தைவிடச் செலவு மிகுந்த குடும்பத்தில் சேமிப்பு கரைவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதந்தோறும் சம்பளம் வந்துகொண்டுதான் இருக்கிறது; ஆனாலும் கையிருப்பு குறைகிறது.

அலாஸ்காவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 5 விழுக்காட்டைப் பனியாறுகள் மூடியுள்ளன. கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் அது தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சமம். 1867-ஆம் ஆண்டில் அமெரிக்கா இந்தப் பெருநிலத்தை ரஷ்யாவிடமிருந்து 72 இலட்சம் டாலருக்கு வாங்கியது. அந்த உடன்படிக்கையை முன்னின்று முடித்த அமைச்சர் வில்லியம் சீவர்டின் பெயரையே நாம் சொன்ன துறைமுக ஊர் தாங்கியிருக்கிறது.

இரயில் ஜன்னலிலிருந்து

அலாஸ்காவின் மிகப் பெரிய நகரம் ஆங்கரேஜ். அங்கிருந்து சீவர்டுக்கு இருப்புப்பாதை வழியாக ஏறத்தாழ 183 கிலோமீட்டர். கோடைகாலத்தில் இப்பாதையில் ஓடும் பயணிகள் இரயில், நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொள்கிறது. நம் ஊர் விரைவு இரயில்களில் பழகியவர்களுக்கு இது ஆமைவேகம். ஆனால் இங்கே ஒருவரும் அவசரப்படுவதில்லை.

முதலில் இரயில் டர்னகெய்ன் ஆர்ம் என்னும் கடற்கழியின் ஓரமாகவே செல்கிறது. 1778-இல் கேப்டன் குக் அட்லாண்டிக் பெருங்கடலுக்கு ஒரு கடல்வழி கிடைக்குமா என்று தேடி இங்கே வந்தார். வழி அடைபட்டிருக்கக் கண்டு மறுபடியும் கப்பலைத் திருப்ப வேண்டியதாயிற்று. ‘மறுபடியும் திரும்பு’ என்ற பொருளுடைய பெயர் அப்படி வந்ததுதான். அலை வடிந்தபின் சாம்பல் நிறத்தில் பளபளக்கும் சேற்றுப் பரப்பை ஜன்னலிலிருந்து காணலாம். பனியாறுகள் மலைப்பாறைகளை மாவாக அரைத்துக் கொண்டுவந்து சேர்த்த வண்டல் அது. பார்ப்பதற்கு உறுதியான தரைபோல் தோன்றினாலும், கால் வைத்தவரை இறுகப் பிடித்துக்கொள்ளும். அலையோ விரைந்து ஏறிவரும்.

கழியின் முடிவில் போர்ட்டேஜ் என்னும் இடத்தில், பட்டுப்போன மரங்கள் வெளிறி நிற்கக் காண்பீர்கள். 1964 மார்ச் 27, அது ஒரு பெரிய வெள்ளிக்கிழமை. மாலை 5.36 மணிக்கு அலாஸ்காவை 9.2 அளவுள்ள நிலநடுக்கம் உலுக்கியது. கருவிகளால் அளக்கப்பட்ட நிலநடுக்கங்களில் உலகிலேயே இரண்டாவது பெரியது அதுவே. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். போர்ட்டேஜ் பகுதியில் நிலம் ஆள் உயரத்துக்கும் மேலாகத் தாழ்ந்துபோனது. உப்புநீர் உள்ளே புகுந்து மரங்களின் வேர்களைக் கொன்றது. ஊர் கைவிடப்பட்டது; மரங்கள் மட்டும் நிற்கின்றன.

அதே பள்ளத்தாக்கில் இன்னொரு காட்சியும் உண்டு. போர்ட்டேஜ் பனியாற்றைக் கண்டு மகிழ்வதற்காக 1986-இல் ஏரிக்கரையில் பெரிய ஜன்னல்களோடு ஒரு பார்வையாளர் மையம் திறக்கப்பட்டது. மக்கள் உள்ளே நின்றபடியே பனியாற்றைக் கண்டார்கள். பத்தாண்டுகள் செல்வதற்குள் பனியாறு பின்வாங்கி, மலைமுனைக்கு அப்பால் மறைந்துவிட்டது. கட்டடம் இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, ஏரி இருக்கிறது. காட்டவேண்டியது மட்டும் அங்கே இல்லை. அதைக் காண விரும்புவோர் இப்போது படகேறி ஏரியைக் கடக்க வேண்டும். அந்த ஏரியும்கூடப் பனியாறு விட்டுச்சென்ற பள்ளமே. 1914-ஆம் ஆண்டுவாக்கில் பனியாறு பின்வாங்கத் தொடங்கிய பின்னரே அந்த ஏரி உண்டாயிற்று.

இங்கிருந்து ஒரு கிளைப்பாதை மலையைக் குடைந்து விட்டியர் துறைமுகத்துக்குச் செல்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இரயிலுக்காக வெட்டப்பட்ட அந்தச் சுரங்கப்பாதை 4 கிலோமீட்டர் நீளமுடையது. 2000-ஆம் ஆண்டுமுதல் மோட்டார் வண்டிகளும், இரயிலும் அந்த ஒரே வழியை முறைவைத்துப் பயன்படுத்துகின்றன. விட்டியரில் வசிக்கும் முந்நூறுக்கும் குறைவான மக்களில் பெரும்பாலோர் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் வாழ்கிறார்கள். மும்பையிலும் பெங்களூரிலும் அடுக்குமாடி வாழ்வுக்குப் பழகிய நமக்கு, ஓர் ஊரே ஒரு கட்டடத்துக்குள் அடங்கியிருப்பது வியப்பாக இருக்கிறதல்லவா?

பிரதான பாதையோ சாலையை விட்டு விலகி மலைகளுக்குள் ஏறுகிறது. இனி மோட்டார் வண்டிக்கு வழியில்லை. இரயிலுக்கு மட்டுமே வழி. ஸ்பென்சர், பார்ட்லெட், டிரெயில் என்னும் பனியாறுகள் ஒன்றன்பின் ஒன்றாய் ஜன்னலில் தோன்றி மறைகின்றன. 2007-இல் ஸ்பென்சர் பனியாற்றின் அருகே வனத்துறையும் இரயில்வேயும் சேர்ந்து ஒரு சிறு நிறுத்தத்தை ஏற்படுத்தின. அங்கே இறங்கினால் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நடையில் பனிக்கட்டிகள் மிதக்கும் ஏரியைக் காணலாம். மலைநாட்டில் வெள்ளமும் மண்ணரிப்பும் இருப்புப்பாதையை அடிக்கடி சோதிப்பதால், எந்த நிறுத்தத்தில் இரயில் நிற்கும் என்பதை அந்தந்த ஆண்டின் கால அட்டவணையில் பார்த்துக்கொள்வது அவசியம்.

சீவர்டிலிருந்து வடக்கே ஃபேர்பேங்க்ஸ் வரை நீளும் இந்த இருப்புப்பாதை 1923-இல் நிறைவு பெற்றது. அதன் நிறைவுவிழாவில் குடியரசுத் தலைவர் வாரன் ஹார்டிங் தாமே வந்து பொன்னாணி அடித்தார். ஜூலை 15-இல் ஆணி அடித்தவர், ஊர் திரும்பும் வழியில் ஆகஸ்ட் 2-இல் மரணமடைந்தார். சீவர்டுக்கு மேலே மலையுச்சிகளை மூடியிருக்கும் மாபெரும் பனிப்பரப்புக்கு அவருடைய பெயரே வழங்குகிறது. ஹார்டிங் பனிப்பரப்பின் அளவு ஏறத்தாழ 1,800 சதுர கிலோமீட்டர். அதிலிருந்து வழிந்திறங்கும் ஏறக்குறைய நாற்பது பனியாறுகளில் ஒன்றுதான் நாம் தொடக்கத்தில் கண்ட எக்ஸிட்.

கால்நடையாய்

1968-இல் ஒரு குழுவினர் ஹார்டிங் பனிப்பரப்பைக் குறுக்கே கடந்து, இந்தப் பனியாற்றின் வழியாக வெளியே இறங்கினார்கள். ‘வெளியேறும் வழி’ என்ற பொருளில் எக்ஸிட் என்னும் பெயர் நிலைத்தது. கெனாய் ஃபியர்ட்ஸ் தேசியப் பூங்காவில் மோட்டார் வண்டி சென்றடையக்கூடிய ஒரே பகுதி இதுவே. குளிர்காலத்தில் பனி மூடிச் சாலை அடைபட்டுவிடும்.

இந்தப் பாதையில் நடக்கும்போது பலகைகளை மட்டுமல்ல, செடிகொடிகளையும் கவனியுங்கள். பனி நீங்கி நூறாண்டு கடந்த இடத்தில் ஊசியிலை மரங்கள் ஓங்கி நிற்கின்றன. முன்னே செல்லச் செல்ல, அவற்றினும் இளைய இலையுதிர் மரங்கள். பிறகு ஆல்டர் என்னும் புதர்கள். இவை காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்த்து, பின்வரும் மரங்களுக்கு உரமிடுகின்றன. இன்னும் முன்னே சென்றால் பாசியும் படர்செடிகளும். கடைசியாக, அண்மையில்தான் வெளிச்சத்தைக் கண்ட வெறும் பாறை. ஒரு மணி நேர நடையில் நூறாண்டுகளைப் பின்னோக்கிக் கடந்துவிடுகிறீர்கள்.

அந்தப் பாறைகளைக் குனிந்து பாருங்கள். தச்சர் இழைப்புளி கொண்டு இழைத்ததுபோல் ஒரே திசையில் நீண்ட கீறல்கள் தெரியும். பனியாறு தன் அடியில் கற்களைப் பற்றிக்கொண்டு உராய்ந்து சென்ற தழும்புகள் அவை. பனி போய்விட்டது, அது சென்ற வழி கல்லில் எழுதப்பட்டிருக்கிறது.

ஒரு காலத்தில் சுற்றுலாப் பயணிகள் இப்பனியாற்றின் முகத்துக்கு மிக அருகே சென்று நின்றார்கள். இன்று பார்வைத்தளத்தில் நின்று தொலைவிலிருந்தே காண வேண்டும். இரண்டு நூற்றாண்டுகளில் எக்ஸிட் பனியாறு 2 கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கியிருக்கிறது. அண்மைக் காலத்தில் அந்த வேகம் கூடியிருக்கிறது. 2015 செப்டம்பர் 1-இல் அப்போதைய குடியரசுத் தலைவர் ஒபாமா இதே பாதையில் நடந்து இப்பலகைகளைக் கண்டார்.

உடல்வலிமை உள்ளவர்களுக்கு மற்றொரு பாதையும் உண்டு. போய்வர 13 கிலோமீட்டர், ஏற்றம் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர், முழுநாள் வேலை. ஏறி முடித்தவர்களுக்கு ஹார்டிங் பனிப்பரப்பு கண்முன் விரிகிறது. கடல்போல் பரந்த வெண்மையின் நடுவே மலையுச்சிகள் தீவுகளைப்போல் தலைநீட்டி நிற்கும் காட்சி அது.

படகில்

சீவர்டு ஊர் அமைந்திருக்கும் விரிகுடாவுக்கு ‘உயிர்த்தெழுதல் விரிகுடா’ என்று பெயர். 1790-களில் ரஷ்ய வணிகத் தலைவர் பாரனோவ் கடும் புயலில் சிக்கி, இந்த விரிகுடாவுக்குள் அடைக்கலம் புகுந்தார். புயலுக்குத் தப்பியது ஈஸ்டர் பண்டிகை நாளில் நிகழ்ந்ததால் அந்தப் பெயரை இட்டார் என்பது வரலாறு. ஆங்கிலத்திலும் இன்றுவரை அதே பொருளுடைய பெயரே வழங்குகிறது.

இங்கிருந்து படகுகள் 1980-இல் அமைக்கப்பட்ட கெனாய் ஃபியர்ட்ஸ் பூங்காவின் கடற்கழிகளுக்குள் செல்கின்றன. ஃபியர்டு என்பது பனியாறு குடைந்த ஆழமான பள்ளத்தாக்கில் கடல்நீர் புகுந்ததால் உண்டானது. படகோட்டி அய்யாலிக் அல்லது ஹோல்கேட் பனியாற்றின் எதிரே, பாதுகாப்பான தூரத்தில் எஞ்சினை அடக்குகிறார். எல்லாரும் மௌனமாகிறார்கள்.

அப்போது கேட்கும் முதல் ஓசை எண்ணெயில் அப்பளம் பொரிவதுபோன்ற ஒரு சலசலப்பு. மிதக்கும் சிறு பனிக்கட்டிகள் உருகும்போது, நெடுங்காலத்துக்கு முன் அவற்றுள் அடைபட்ட காற்றுக்குமிழ்கள் வெடித்து வெளிவரும் ஒலி அது. பிறகு எங்கோ துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். பனிச்சுவரின் ஒரு பகுதி பிளந்து கடலில் சரிகிறது. சரிவதைக் கண் முதலில் காண்கிறது; ஓரிரு வினாடி கழித்தே இடியோசை செவியை எட்டுகிறது. தாய்ப்பசு கன்று ஈனுவதற்கு ஒப்பிட்டு, இதனைப் பனியாறு ‘கன்று ஈனுகிறது’ என்று மாலுமிகள் கூறுவர்.

பனிச்சுவர் ஏன் நீலமாய்த் தெரிகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். இறுகிய பனிக்கட்டி ஒளியின் சிவப்புக் கூறுகளை விழுங்கிக்கொண்டு, நீலத்தை வெளியே அனுப்புகிறது என்று சொல்லுங்கள். மிதக்கும் கட்டிகளின்மேல் கடல்நாய்கள் தம் குட்டிகளோடு படுத்திருக்கும். கொலைத்திமிங்கிலங்கள் நுழையத் தயங்கும் அந்தப் பனித்துண்டுகளே அவற்றுக்குத் தொட்டில். அருகே சென்றால் தாய் நீரில் குதித்துவிடும், குட்டி தனித்துவிடும். ஆகையால் விலகி நின்று காண்பதே நலம்.

தோணியில் சென்ற இருவர்

படகில் பனியாறு காணும் வழக்கத்துக்கு வித்திட்ட பயணம் ஒன்று உண்டு. சீவர்டுக்குத் தென்கிழக்கே நெடுந்தூரத்தில், அலாஸ்காவின் மறுமுனையில் உள்ளது கிளேசியர் பே என்னும் விரிகுடா. 1879 அக்டோபரில் ஜான் மியூர் என்னும் இயற்கை ஆய்வாளரும், சாமுவேல் ஹால் யங் என்னும் பிரஸ்பிட்டேரியன் மிஷனெரியும், டிலிங்கிட் பழங்குடியினர் சிலரின் துணையோடு ஒரு தோணியில் அங்கே சென்றனர். ஸ்காட்லாந்தில் பிறந்த மியூர், சிறுவயதிலேயே தகப்பனாரின் கண்டிப்பினால் புதிய ஏற்பாடு முழுவதையும் மனப்பாடம் செய்தவர். பயணத்தின் நடுவில் ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஓய்வுநாள் என்று யங் கூடாரத்திலேயே தங்கிவிட்டார். மியூரோ மழையிலும் பனியிலும் தனியே மலையேறினார். மேகம் விலகியபோது, விரிகுடாவின் பெரும் பனியாறுகளை அங்கிருந்து முதன்முதலாகக் கண்டார்.

1794-இல் வான்கூவரின் மாலுமிகள் இதே இடத்தைக் கடந்தபோது, அங்கே விரிகுடாவே பெரிதாக இல்லை. வாயிலை அடைத்துக்கொண்டு பனிச்சுவர் நின்றது. மியூர் வந்தபோது, எண்பத்தைந்து ஆண்டுகளில், அது 60 கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கியிருந்தது. இன்று விரிகுடாவின் நீளம் 100 கிலோமீட்டரை எட்டுகிறது.

ஆனால் இக்கதைக்கு ஒரு முற்பகுதி உண்டு. பனி முன்னேறி வருமுன் அந்தப் பள்ளத்தாக்கில் டிலிங்கிட் மக்கள் வாழ்ந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பனியாறு முன்னேறி வந்து அவர்களுடைய குடியிருப்புகளை விழுங்கியது. அவர்கள் தோணிகளில் ஏறி நீர்ச்சந்திக்கு அப்பால் ஹூனா என்னும் இடத்தில் குடியேறினார்கள். பனி விலகியபின் திரும்பி வரலாம் என்றால், 1925-இல் அது அரசின் பாதுகாக்கப்பட்ட பகுதியாயிற்று. அவர்களுடைய வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் கட்டுப்பாடுகள் வந்தன. 2016 ஆகஸ்டில்தான் அந்த விரிகுடாவின் கரையில் அவர்களுடைய குலவீடு ஒன்று மீண்டும் எழுப்பப்பட்டுப் பிரதிஷ்டை செய்யப்பட்டது. ஊரை விட்டு நகரங்களில் குடியேறிய நமக்கு, சொந்த மண்ணில் மறுபடியும் ஒரு கூரை எழும்புவது எத்தகைய மகிழ்ச்சி என்று விளக்கவேண்டியதில்லை.

மற்றொரு பெரிய வெள்ளி

பனியாற்றின் பின்வாங்குதல் தொலைவில் நடக்கும் ஒரு வேடிக்கை என்று எண்ணிவிடக் கூடாது. சீவர்டுக்கும் விட்டியருக்கும் கிழக்கே கொலம்பியா என்னும் பெரிய பனியாறு கடலில் இறங்குகிறது. அது தானே குவித்த கல்மேட்டின்மேல் நெடுங்காலம் அசையாமல் நின்றது. 1980-ஆம் ஆண்டுவாக்கில் அந்த மேட்டைவிட்டு ஆழ்நீருக்குள் பின்வாங்கியது. ஆழ்நீரில் பனிக்கு ஊன்றுகோல் இல்லை. ஆகையால் விரைந்து உடையத் தொடங்கிற்று. இதுவரை 20 கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டது. உடைந்த பனிப்பாறைகள் கப்பல் வழியில் மிதந்து வந்தன.

1989 மார்ச் 24, நள்ளிரவு கடந்த வேளை. நிலநடுக்கம் நிகழ்ந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்றும் பெரிய வெள்ளிக்கிழமை. எக்ஸான் வால்டெஸ் என்னும் எண்ணெய்க் கப்பல், மிதந்துவந்த பனிப்பாறைகளுக்கு விலகுவதற்காகத் தன் பாதையைவிட்டு வெளியே சென்றது. உரிய நேரத்தில் திரும்பாமல் பிளை என்னும் பாறைத்திட்டில் மோதியது. ஏறத்தாழ 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கடலில் கொட்டிற்று. கடற்பறவைகள் இலட்சக்கணக்கில் மாண்டன. மீனவர் குடும்பங்கள் பிழைப்பை இழந்தன. மாலுமிகளின் தவறே விபத்துக்குக் காரணம் என்பது உண்மை. ஆனால் அவர்களைப் பாதை மாறச் செய்தது பின்வாங்கும் பனியாறு அனுப்பிய பனிப்பாறைகள்.

இன்னொன்றும் உண்டு. பனியாறு பள்ளத்தாக்கின் இருபுற மலைகளையும் தாங்கிப் பிடித்திருக்கிறது. பனி விலகினால் மலைச்சரிவுக்கு முட்டுக்கொடுப்பார் இல்லை. விட்டியருக்கு வடகிழக்கே பேரி ஆர்ம் என்னும் கழியில் ஒரு பெரிய மலைச்சரிவு கடலில் விழுந்து ஆழிப்பேரலையை எழுப்பக்கூடும் என்று 2020-இல் விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். 2004-ஆம் ஆண்டின் டிசம்பர் காலையை மறவாத நமக்கு அந்த எச்சரிக்கையின் பொருள் நன்றாகவே விளங்கும்.

செல்வோர் கவனத்திற்கு

மே மாத நடுப்பகுதிமுதல் செப்டம்பர் நடுப்பகுதிவரை செல்லலாம். ஜூன், ஜூலை மாதங்களில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும்.

முதியவர்களுக்கு இரயிலே சிறந்தது. ஏறி அமர்ந்தால் போதும், மலைகள் ஜன்னலுக்கு வந்துவிடும். திறந்த கடலுக்குச் செல்லும் முழுநாள் படகுகள் ஆடும்; குமட்டலுக்குரிய மாத்திரையைப் புறப்படுமுன் மருத்துவரின் ஆலோசனைப்படி எடுத்துக்கொள்ள வேண்டும். தாத்தா பாட்டியோடும் கைக்குழந்தையோடும் செல்பவர்களுக்கு, அலையில்லாத போர்ட்டேஜ் ஏரியின் படகு போதுமானது.

ஆகஸ்ட் மாதமானாலும் கம்பளி ஆடையும், மழையங்கியும், காதுமூடும் குல்லாவும் வேண்டும். பனியின்மேல் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் இறங்கி வீசும். சென்னைக் குளிருக்கு வாங்கிய ஸ்வெட்டர் அதற்கு ஈடாகாது.

காட்டுப்பாதையில் கரடிகள் உண்டு. பேசிக்கொண்டும் கை தட்டிக்கொண்டும் கூட்டமாய்ச் செல்லுங்கள். எதிர்பாராமல் மனிதரைக் காணும் கரடியே ஆபத்தானது. பாதையை விட்டு விலகாதீர்கள். பனியின் முகத்துக்குக் கீழே நின்று படம் எடுக்கும் ஆசை ஒருபோதும் வேண்டாம். வீட்டளவு பனிக்கட்டி எந்த முன்னறிவிப்பும் இன்றி விழும். வழிகாட்டி இன்றிப் பனியின்மேல் ஏறுவதும் கூடாது. மெல்லிய பனி மூடிய பிளவுகள் கண்ணுக்குத் தெரியாது.

நம் வீட்டுக் குழாயில்

பிரியமானவர்களே, அலாஸ்காவுக்குச் செல்லும் வாய்ப்பு நம்மில் சிலருக்கே கிட்டும். ஆனால் பனியாற்றோடு தொடர்பில்லாதவர்கள் நம்மில் சிலரே. தில்லியில் குடியேறிய தமிழ்க் குடும்பம் குழாயைத் திறக்கும்போது வரும் தண்ணீரில் யமுனையும் உண்டு, கால்வாய் வழியே வரும் கங்கையும் உண்டு. மழையும் ஊற்றும் அவற்றை நிரப்பினாலும், இரண்டின் தொடக்கமும் இமயத்துப் பனியிலேதான். கங்கோத்ரியிலிருந்து 18 கிலோமீட்டர் நடந்தால் கோமுகம். பனியாற்றின் முகத்திலிருந்து பாகீரதி வெளிப்படும் இடம். அந்த முகமும் ஆண்டுதோறும் பின்வாங்கி வருகிறது. 2023 அக்டோபரில் சிக்கிமில் பனியாற்று ஏரி ஒன்று உடைந்து, டீஸ்டா நதிக்கரை ஊர்களையும் ஓர் அணையையும் அடித்துச் சென்றதை நாம் செய்தித்தாளில் வாசித்தோம்.

ஐக்கிய நாடுகள் சபை 2025-ஆம் ஆண்டைப் பனியாறுகளைப் பாதுகாக்கும் ஆண்டாக அறிவித்து, மார்ச் 21-ஐ அவற்றுக்குரிய உலக தினமாகவும் குறித்தது. நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதால் வெப்பம் கூடுகிறது, வெப்பத்தால் பனி கரைகிறது என்பதைப் பள்ளிப்பிள்ளைகளும் அறிவார்கள். நாம் வீணாக எரியவிடும் ஒவ்வொரு விளக்கும் அதில் ஒரு சிறு பங்கு வகிக்கிறது. ஆனால் அது சிறு பங்குதான் என்பதையும், பெரிய பங்கு நாடுகளுடையதும் தொழிற்சாலைகளுடையதும் என்பதையும் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொல்லவேண்டும்.

எக்ஸிட் பனியாற்றின் பாதையில் இன்று நிற்கும் கடைசிப் பலகை நிரந்தரமானதல்ல. அதற்கு அப்பால் மற்றொரு பலகை நாட்டப்படும். பாதை மேலும் நீளும். நம் வீட்டில் இன்று பிறந்திருக்கும் குழந்தை வளர்ந்து ஒருநாள் அங்கே நடக்கக்கூடும். தான் பிறந்த ஆண்டு எழுதப்பட்ட பலகையின் அருகே நின்று, ‘நான் பிறந்தபோது பனி இங்கே இருந்தது’ என்று அது சொல்லும். அங்கிருந்து பனியைக் காண அந்தப் பிள்ளை இன்னும் எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும் என்பது, இன்றைய தலைமுறையின் கையில் இருக்கிறது.